வேலிக்கு வெளியே படுத்திருக்கும் உங்களுக்கு

என் பிரியமுள்ள கிணற்றுக்காரருக்கு,

உங்களைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தது அநியாயம். நம் ஊர்க் கோயில் உபதேசியார் சொன்ன பொய்யால் நடந்தது அது. மூன்று வருடமாக இதைக் கோயில் வாசலில் நின்று சொல்லி வருகிறேன். இப்போது ஊர் படிக்க எழுதியும் வைக்கிறேன். ஜெபப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்ற எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கீரனூர் சாலையை அகலப்படுத்துகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்து முளை அடித்தார்கள். ஒன்று உங்கள் கால்மாட்டில், இன்னொன்று நெஞ்சுக்கு நேரே. "இது யாரு சமாதி?" என்று ஓவர்சியர் கேட்டார். கூட நின்ற நாட்டாண்மை, "சமாதியெல்லாம் இல்லீங்க, மண்ணு மேடு" என்றார். நான் முளையைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் இன்னும் ஆழமாக அடித்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை மண் வெட்ட ஆள் வருகிறது. மண்வெட்டி உங்கள் மேல் படும் சத்தம் எனக்கு இப்போதே கேட்கிறது. சோறு வாயில் இருக்கும்போதும் கேட்கிறது.

நாம் என்ன பாவம் செய்தோம்? சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம், மேற்கே எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் திருச்சி ஜில்லாவிலிருந்து என் மானாவாரிக் காட்டுக்குக் கிணறு வெட்ட வந்தீர்கள். நான் கைம்பெண். நீங்கள் பெண்சாதியைப் பறிகொடுத்தவர். சுற்றிலும் முள்ளும் சரளையும்தான். பாறை உடைந்து ஊற்று கண்ட அன்று உள்ளிருந்து குரல் கொடுத்தீர்கள்.

"உப்பாயிருந்தா என்னைய வையக் கூடாது."

"உப்பாயிருந்தா உள்ளயே கெடங்க. கயிறு விடமாட்டேன்."

"நல்ல தண்ணியா இருந்தா?"

"அப்பவும் அங்கிட்டுப் போக விடமாட்டேன்."

மேலே மண் இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் எரிந்தது. தண்ணீர் இனித்தது.

கல்யாண ஓலையை மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் பெண் ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்வதற்காக. "எங்க ஊருக்கும் ஓலை அனுப்பணுமே ஐயா" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். "எல்லையே போயிருச்சு. இனிமே அங்கிட்டு என்ன, இங்கிட்டு என்ன? ஒரு கோயில்ல வாசிச்சாப் போதும்" என்றார் உபதேசியார். சர்க்கார் எல்லை போனால் கோயில் எல்லையும் போய்விடும் என்று அவரும் நம்பினார், நாமும் நம்பினோம். தப்புத்தான். ஆனால் அறியாமல் செய்த தப்பு.

நீங்கள் காய்ச்சலில் போனதும், துட்டிக்கு வந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர், "எங்க கோயில்ல ஓலையே வாசிக்கலையே" என்றார். அப்போதிருந்த சாமியார் உபதேசியாரைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலை போய்விடுமென்று பயந்து அவர் சொன்ன பதில்: "அனுப்ப வேணாம்னு சவரிமுத்துதான் சொன்னான் சாமி. மூத்த பொஞ்சாதி உசிரோட இருக்காளோ என்னமோ." அந்த ஒரு பேச்சுக்கு உங்களைப் பாவியென்று வேலிக்கு வெளியே போட்டார்கள்.

புதிதாக வந்திருக்கும் சாமியார் உங்கள் பழைய கோயிலுக்கு எழுதிக் கேட்டார். உங்கள் மூத்த பெண்சாதி செத்ததை எழுதிய சாவுப் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டதாம். "உபதேசியார் சனத்துக்கு முன்னால உண்மையைச் சொன்னாப் போதும்மா, உங்க வீட்டுக்காரரை வேலிக்குள்ள கொண்டுவந்துடலாம்" என்கிறார்.

நேற்று உபதேசியார் வீட்டுக்குப் போனேன். ஆள் எலும்பாகக் கிடக்கிறார்.

"வேலையத்தான் எப்பவோ விட்டுட்டீங்களே, இன்னும் எதுக்குங்க பயம்?" என்றேன்.

"பொய் சொன்னேன்னு என் வாயாலேயே எப்படித் தாயி சொல்றது? எனக்கே சாவு கிட்ட நிக்குது."

"அதனாலதான் கேக்குறேன். அங்கன போயி அவுக மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இருமல் வந்தது. ஞாயிறு வரைக்கும் இந்த மனுசன் சாகக்கூடாது ஆண்டவரே என்று அவருக்காக ஜெபித்தேன். அவருக்காக நான்! நீங்களாக இருந்தால் மன்னித்திருப்பீர்களா? எனக்கு அது வராது. முதலில் அவர் சொல்லட்டும்.

ஞாயிறு பூசையில் உபதேசியார் உண்மையைச் சொல்ல வேண்டும். நடக்க முடியாவிட்டால் அவர் மகன்கள் கட்டிலோடு தூக்கிவர வேண்டும். சாமியார் அன்றைக்கே வேலிக்குள் குழியை மந்திரித்து உங்களை வைக்க வேண்டும். நாட்டாண்மை உங்கள் பேரைச் சொல்லி ஓவர்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஓவர்சியர் ஆட்களை நிறுத்தி வைக்க வேண்டும். இவர்களில் ஒருவர் தவறினாலும், திங்கட்கிழமை மண்வெட்டி வருமுன் நான் வந்து உங்கள் மேல் படுத்துக்கொள்ள வேண்டும். அது என் வேலை. பயத்தோடுதான் வருவேன், ஆனால் வருவேன்.

உங்கள் பெண்சாதி,
ஆரோக்கியம்