சாமிப் படத்துக்குப் பின்னால்

வியாழன், இரவு

கையெல்லாம் நீலப் பெயின்ட். தூக்கமே வரவில்லை. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு வந்தாயிற்று. விடிந்ததும் சொந்த வீட்டில் பால் காய்ச்சுகிறோம்!

பெயின்ட் அடிக்கும் முன்பே, நல்ல நேரம் என்று மாமி சாமிப் படத்தை மாட்டிவிட்டார். பால் பொங்கும்வரை கழற்றக்கூடாதாம். படத்தைச் சுற்றி நீலம் அடித்தோம். பக்கவாட்டில் பார்த்தால் பின்னால் சிமெந்து தெரிந்தது. அந்த இடுக்கில் பிரஷ் நுழையவில்லை.

"விட்டுரு புள்ள, யாரு பாக்கப் போறா?" என்றார் இவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மெல்லிய மூங்கில் குச்சியில் மகளின் பழைய சொக்ஸைச் சுற்றிக் கட்டினேன். பெயின்டில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன்.

"படம் ஆடுச்சுன்னா பாரு" என்று மாமி பக்கத்திலேயே நின்றார்.

ஆடவே இல்லை! பின்னாலும் நீலம்!

மாமி எட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தக் குச்சிய இங்க குடு. குசினிக் கொழாய்க்குப் பின்னாலயும் இப்புடித்தான் கெடக்கு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் செய்த ஒன்றையும் அவர் கேட்டு வாங்கியதில்லை.

இன்னும் சமையலறைத் தொட்டிக்கடியில் குனிந்து பூசிக்கொண்டிருக்கிறார். இதோ, டோர்ச் பிடிக்கக் கூப்பிடுகிறார்.