நீ கூட்டிய மஞ்சள்

உன் கணினியை மூடியிருந்த பழைய வேட்டித் துண்டை இன்று காலை எடுத்தேன். திருநீற்று வாசம் இன்னும் போகவில்லை. நீ போய் நாலு மாதம் ஆகிறது. பாளையங்கோட்டையில் நம் போட்டோக் கடையில் இரண்டு பேர் வேலையையும் நானே என் கணினியில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். முகூர்த்த மாதம் வேறு. கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. அலுத்துப்போச்சு என்று சொல்லக்கூட ஆளில்லை.

கடை போட்ட அன்றே வேலையைப் பிரித்துக்கொண்டோம். கேமராவிலிருந்து பக்குவப்படாமல் அப்படியே வரும் ரா ஃபைலை ஒரு சாஃப்ட்வேரில் போட்டு வெளிச்சமும் நிறமும் சரிபண்ணுவது நீ. அதை இன்னொரு சாஃப்ட்வேரில் வாங்கி, முகத்துப் பருவையும் பின்னால் தெரியும் குப்பைத்தொட்டியையும் எடுப்பது நான். "முகத்துல நான் கை வைக்க மாட்டேன். நெறத்துல நீ கை வைக்கக்கூடாது, பாத்துக்கோ" என்றாய். சரி என்றேன். அந்த வாக்கைத்தான் நான் காப்பாற்றவில்லை.

உனக்கு எப்போதும் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். என் கண்ணுக்கு மணப்பெண்ணெல்லாம் காமாலை வந்தவள் மாதிரி தெரிவாள். சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாய். அதனால் என் பக்கம் வந்ததும் சத்தமில்லாமல் குறைத்துவிடுவேன். ஒவ்வொரு படத்திலும், ஒன்பது வருடமாக. ஆல்பம் அச்சாகி வந்ததும் புரட்டிக்கொண்டே "நெறம் எப்படிலே இருக்கு?" என்பாய். நல்லா இருக்கு என்பேன். நீ சிரிப்பாய். பாவம், ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

பதினாறாம் நாளுக்கு உன் படத்தை நான்தான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பாபநாசத்துக்கு ஒரு கல்யாண வேலையாகப் போனபோது, படித்துறையில் நீ டீ குடிக்கையில் நான் எடுத்தது. நீ கை வைக்காத படம் அது; நிறத்தையும் நானே பார்த்து, வழக்கம்போல மஞ்சளைக் குறைத்து வைத்தேன். நேற்று உன் மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. இதுல அவுகளக் காணல. யாரோ மாதிரி இருக்காக" என்றாள். நாலு மாதம் அதன் முன்னால் விளக்கேற்றிவிட்டுச் சொல்கிறாள்.

அதனால்தான் உன் கணினியைத் திறந்தேன். நீ சேமித்து வைத்திருந்த நிற அளவுகள் இரண்டு இருந்தன. ஒன்றின் பெயர் 'பார்ட்டிக்கு'. அது என் கைக்கு வராமல் நேரே அச்சாகி வாடிக்கையாளருக்குப் போகும் படங்களுக்கு. இன்னொன்றின் பெயர் 'அவனுக்கு'. இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். 'அவனுக்கு' என்பதில் மஞ்சள் கூடுதலாக இருந்தது. நான் எவ்வளவு குறைப்பேனோ, சரியாக அவ்வளவு.

தெரிந்தேதான் இருந்திருக்கிறாய். நான் குறைத்த பிறகும் ஒன்பது வருடமாக வெளியே போனது உன் நிறம்தான். திருட்டுப்பயலே என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் அழுதேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும்தான் சொல்லியிருக்கலாம்.

படித்துறைப் படத்தை 'பார்ட்டிக்கு' அளவில் வைத்து அச்செடுத்து, அதே சட்டத்தில் மாட்டி, சாயங்காலம் உன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கச்சி ரொம்ப நேரம் பார்த்தாள். முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள்.

"வந்துட்டாக" என்றாள்.

கடைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த கல்யாணத்தின் படங்கள் குவிந்து கிடக்கின்றன. 'பார்ட்டிக்கு' என்பதை ஒரு தடவை அழுத்தினால் நிற வேலை முடிந்துவிடும். உடம்பும் அதைத்தான் கேட்கிறது. ஆனாலும் உன் நாற்காலியில் உட்கார்ந்து 'அவனுக்கு' என்பதை அழுத்துகிறேன். பிறகு எழுந்து என் நாற்காலிக்கு வந்து, உனக்குத் தெரியாமல் மஞ்சளைக் குறைக்கிறேன்.