மோட்டார் போட்டால் போகிற நெட்

அண்ணி,

இதை எழுதும்போது மோடத்தின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கின்றன. கொல்லைப் பக்கம் நம் வயலில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. சற்றுமுன் ட்யூப்லைட் ஒருமுறை மங்கித் தெளிந்தது. ஆனாலும் நெட் போகவில்லை. மோடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் ஒரு பேட்டரி. அவ்வளவுதான் வைத்தியம். நேற்று அதை மாட்டிக் கொடுத்தவர் போன பிறகு, அதைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், இந்த நெட்டோடு நான் பட்ட பாடு. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நீடாமங்கலத்துக்குத் திரும்பி வந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகங்கள் உறைந்து நிற்கும். நம் வீட்டுக்குள் செல்போன் டவரும் கிடைக்காது. மாடிக்கு ஏறினால்தான் ஒரு கோடு தெரியும். வைஃபை இருந்தால் போன் வரும், இல்லாவிட்டால் நான் ஊரிலேயே இல்லாதவள் மாதிரிதான்.

மோடத்தைக் கூடத்திலிருந்து பிரிட்ஜ் மேலே மாற்றினேன், பிறகு பீரோ மேலே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார்களோ என்று பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். நெட் கம்பெனிக்கு போன் போட்டால், ஆஃப் செய்து பத்து நிமிடம் கழித்து ஆன் செய்யச் சொல்வார்கள். நானும் செய்வேன். சரியாகிவிட்டது போல இருக்கும். மறுநாள் காலை மறுபடி போகும்.

நீங்கள்தான் ஒருநாள் நாற்றங்காலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் மோட்டாரப் போட்டாத்தான் பாப்பா ஒன் நெட்டு போவுது. கவனிச்சுப் பாரு."

நான் சிரித்தேன். "மோட்டாருக்கும் வைஃபைக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"எனக்கு என்னா தெரியும். பாத்தத சொன்னேன்," என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள்.

கம்ப்யூட்டரில் முதுகலை படித்தவள் நான். ஒரே ஒரு காலை, ஒரு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

அந்தக் குறுவைக் காலையிலும் வயலுக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் நீங்கள் மோட்டாருக்குப் போனீர்கள். எனக்கு முக்கியமான மீட்டிங். நான் பேச வாயெடுத்தபோது நெட் போய்விட்டது. ஆத்திரத்தில் மோடத்தைப் பிடுங்கினேன். இன்று இதை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று ஊக்கு முனையால் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தேன். பத்து நிமிடம் கணக்கு வைத்துக் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான், மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்த சாக்கை நீங்கள் காலால் நகர்த்தியிருக்கிறீர்கள்.

ப்ளக்கை மாட்டினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. என் போன் டிங் என்றது. மறுபடி டிங். மறுபடி. அண்ணி அழைத்தார், அண்ணி அழைத்தார், அண்ணி அழைத்தார். மோட்டாரில் ஏதோ கோளாறு போல என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கூப்பிட விரலை வைத்தேன். வாசலிலேயே உங்கள் போன் மணி கேட்டது.

நிமிர்ந்தால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். நெற்றியெல்லாம் வேர்வை.

"நெட்டு வந்துருச்சா பாப்பா?" என்றீர்கள். அதற்குப் பிறகுதான், "நல்ல பாம்பு கடிச்சிருச்சு. பதறாத. ஆட்டோவக் கூப்பிடு."

தஞ்சாவூர் போகும் வழியிலேயே உங்கள் கண்ணிமைகள் இறங்கின. என் மடியில் தலைவைத்து ஏதோ சொன்னீர்கள். நாக்கு தடித்துப்போய் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ம், ம்" என்று மட்டும் சொன்னேன். "கடிச்ச பின்னாடி நடந்தாங்களா? நடக்காம தூக்கிட்டு வந்திருக்கணும்மா," என்றார் டாக்டர். மூன்றாம் நாள் உங்கள் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்ததும் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "அவ போன் எதுவும் பண்ணலியா ஒனக்கு?"

"இல்லண்ணே. நேரா நடந்து வந்துட்டாங்க."

வாயிலிருந்து தானாகவே வந்தது அந்தப் பொய். அண்ணன் தலையை ஆட்டினார். போகும்போது உங்கள் போனையும் சார்ஜரையும் தன் பையில் வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பேன்?

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் இருந்த விதத்தை யாரிடமும் சொன்னதில்லை. நெட் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். போன் ஒரு டிங் அடித்தால் பரவாயில்லை. இரண்டாவது அடித்தால் மூன்றாவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நிற்பேன். ஒருமுறை மூன்றும் அடித்தது. கம்பெனிக் குழுவில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். நான் அதற்குள் வாசல் வரைக்கும் ஓடிப்போயிருந்தேன். நிலைப்படியில் ஈரக்கால் தடம் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தேன், அண்ணி.

அண்ணன் வாரம் ஒருமுறை வீடியோவில் வருவார். சாப்பாடு, மழை, நடவு, அவ்வளவுதான். பேச்சு உங்கள் பக்கம் திரும்பப் பார்த்தால், "கட் ஆவுதுண்ணே, அப்பறம் பேசறேன்," என்று வைத்துவிடுவேன். சில நாள் அவரே, "இங்க சிக்னல் சரியில்ல," என்று வைத்துவிடுவார்.

நேற்று வந்தவர் வேறு நெட் கம்பெனி ஆள், நடுத்தர வயது. ஒயரையோ பாஸ்வேர்டையோ அவர் தொடவே இல்லை. "எந்நேரத்துக்குப் போவுதுங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு கூடத்து ட்யூப்லைட்டைப் பார்த்தபடியே நின்றார். வயல் கரண்ட் வந்து, ஊர் மோட்டாரெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. விளக்கு மங்கியது. மோடம் அணைந்து மறுபடி எரிந்தது.

"ஓல்டேஜ் இறங்குதுங்க. மோட்டார் போடறப்பல்லாம் இது செத்துப் பொழைக்குது. ஒங்க வீட்ல யாரும் கவனிக்கலியா?"

"கவனிச்சாங்க," என்றேன்.

இன்று காலை நானே அண்ணனை அழைத்தேன். படம் தெளிவாக இருந்தது. அவர் தாடியில் நரை விழுந்திருப்பது முதன்முறையாகத் தெரிந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான் மோடத்தைப் பிடுங்கியது, நீங்கள் மூன்று முறை கூப்பிட்டது, நான் பொய் சொன்னது, எல்லாம்.

திரையில் அவர் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"தெரியும்," என்றார். "அவ போன் எங்கிட்டதான இருக்கு. மூணு கால் ஒனக்கு. நாலாவது எனக்கு."

திரையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"ஷிப்டுல இருந்தேன். போன் லாக்கர்ல கெடந்துச்சு. நீ சொல்லுவன்னு நான் காத்திருந்தேன். நீ சொன்னா நானும் சொல்லணுமேன்னு பயந்துகிட்டும் இருந்தேன்."

இரண்டு பேரும் அழுதோம். இந்த முறை யாரும் நெட்டைச் சாக்கு சொல்லி வைக்கவில்லை. கடைசியில் அவர், "நல்லா சாப்புடு," என்றார். நீங்கள் போன பிறகு அவர் குரல் எனக்கு இத்தனை அருகில் கேட்டதே இல்லை.

பாரம் இறங்கியதா என்றால், பாதி இறங்கியது. மீதி அண்ணனிடம் சொல்லித் தீருவதில்லை. நாங்கள் இருவரும் எடுக்காத போனை இடுப்பில் செருகிக்கொண்டு, விஷம் ஏறும் காலோடு அவ்வளவு தூரம் வரப்பில் நடந்து வந்தீர்கள். வந்து நின்றபோது, ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே அழுது தீர்த்திருப்பேன். நீங்கள் திட்டவில்லை அண்ணி. அதைத்தான் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.