கண்ணையன் வீட்டு விருந்தில் ஸ்பகெட்டி

நெய்வேலி,
ஐப்பசி மாதம், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.

மகன் செங்குட்டுவனுக்கு அம்மா மாணிக்கம்மாள் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும், உன் பெண்சாதி தனமும், உன் மகள் வெண்மதியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மழை வரப்போவதை மட்டும் என் முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? போன தடவை வீடியோவில் பார்த்தபோது உன் கன்னம் ஒட்டியிருந்தது. நான் கேட்டதற்குக் கேமரா அப்படித்தான் காட்டும் என்றாய். கேமரா தனத்தை அப்படிக் காட்டவில்லையே.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் வெண்மதி என்று பேரெடுத்தாலே, "அம்மா, வேலையில இருக்குறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் மடித்துப் போட்டாலும் சாயங்காலம் எடுத்துப் படிப்பாய். நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதா? மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் எழுத்து எனக்கு மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறப்பதில்லை என்று நம் தெருவே சொல்லும். எதிர்வீட்டுக்காரி என் இட்லித் தட்டை வாங்கிப்போய் நசுக்கிக் கொடுத்தது நீ பத்தாவது படித்த வருஷம். இன்றைக்கும் அவள் வீட்டுக்கு நான் எதுவும் இரவல் கொடுப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெண்மதி சென்னைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டிலேயே சமைத்து ஆர்டருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நீ போனில் கத்தினாயே, அதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். "எங்கம்மா ஆபீசருங்க வூட்டுல பாத்திரம் தேச்சது போதும். எம் பொண்ணும் ஊரானுக்குக் கரண்டி புடிக்கணுமா? அதுக்கா நான் இந்தப் பாலைவனத்துல கெடக்குறேன்?" என்றாய். அதற்கு அப்புறம் நீ அவளோடு பேசவில்லை. நீ சொன்னதில் என் பெயரும் இருக்கிறது. அதனால் பதில் சொல்ல வேண்டியது நான்.

முதலில் ஆரம்பத்தில் நடந்த கூத்தைக் கேள். அவள் சமைப்பது இட்லி தோசை இல்லை. ஸ்பகெட்டி என்று நீள நீளமாக, நூல் பிடித்த மாதிரி ஒரு சேமியா. சென்னையில் கூடத் தங்கியிருந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கறிபோட்டுத் தக்காளிச் சாஸ் வைத்துக் கொடுத்துப் பழகியிருக்கிறாள். முதல் ஆர்டர் வந்த அன்று அவள் தக்காளி வாங்கப் பஜாருக்குப் போயிருந்தாள். பிள்ளைக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானும் தனமும் உட்கார்ந்து அந்தப் பாக்கெட்டு அத்தனையும் பிரித்து, விரல் கணு அளவுக்கு ஒடித்து, வாணலியில் நெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்து வைத்துவிட்டோம். சேமியாவை வறுக்காமல் யாராவது வேகவைப்பார்களா? அவள் வந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆயா, இது நீளமா இருக்கணும் ஆயா! முள்கரண்டியில சுத்திச் சாப்புடுறது!" என்றாள். "சுத்திக்கினு இருந்தா எப்பத் திங்கிறது?" என்று நான் கேட்டேன். கோபம் போய்ச் சிரித்துவிட்டாள். ஒடித்ததை அந்த வாரம் முழுக்க நாங்கள் உப்புமாவாகத் தின்று தீர்த்தோம்.

அந்தச் சாஸை அவள் வைக்கிற விதத்தை நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கறி அப்துல் கபார் பாய் கடையில்தான் வாங்குவாள். மிஷினில் அரைத்தால் கூழாகிவிடுமாம். புளியங்கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தரச் சொல்லி அங்கேயே நிற்பாள். "இன்னாம்மா, கோலா உருண்டையா?" என்று பாய் கேட்டார். இல்லை, ஸ்பகெட்டிக்குச் சாஸ் என்றாள். "அது எந்த ஊருக் கொழம்பு?" என்று கேட்டிருக்கிறார். "எங்க வூட்டுக் கொழம்பு பாய்" என்றாளாம். பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

வெங்காயம், கேரட், பூண்டு எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணெயில் கரைகிற வரைக்கும் வதக்குகிறாள். கறியைப் போட்டால் உடனே கிளறுவதில்லை. தண்ணீர் வற்றி, அடியில் பிடித்துச் சிவக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கை பரபரக்கும். அப்புறம் கொஞ்சம் பால் ஊற்றுகிறாள். கறியில் பால்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் தோல் உரித்த தக்காளியைப் பிசைந்து விட்டு, சின்னத் தீயில் வைத்துவிடுகிறாள். காலையில் ஏற்றினால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் வருகிறவரைக்கும் அது மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். மசாலா கிடையாது. மிளகும் உப்பும் ஒரு பிரிஞ்சி இலையும்தான்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் கதவு திறக்கப் போன சமயம் பார்த்து, நம் வீட்டுக் கறி மசாலாவில் ஒரு கரண்டி போட்டுவிட்டேன். வந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். "யாரு இதுல கை வச்சது?" என்றாள். எனக்கென்ன தெரியும் என்றேன். தனம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு ஒருத்தியாக இருந்தால், யாருக்குத் தெரியப்போகிறது என்று கட்டிக் கொடுத்திருப்பாள். இவள் ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் போன் செய்து, நேரமாகும் என்று சொல்லிவிட்டு, மறுபடி பாய் கடைக்கு வண்டியை எடுத்தாள். உன் அப்பா அப்படித்தான். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓடுகிற சத்தத்தில் ஒரு சின்னக் கீச்சு கேட்டால், ஷிப்ட் முடிந்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். அந்தப் புத்தி உன்னைத் தாண்டி இவளிடம் வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, உனக்கும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மசாலாச் சாஸ் தோசைக்கு நன்றாகத்தான் இருந்தது. இதை அவளிடம் சொல்லாதே.

இப்போது இந்தக் கடிதம் எதற்காகவோ அதற்கு வருகிறேன்.

உன் அப்பா ரிட்டயர் ஆன நாள் உனக்கு நினைவிருக்கும். மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி, மேளம் அடித்துக்கொண்டு ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்தார்கள். நான் விடியலிலிருந்து நின்று பிரியாணி ஆக்கி வைத்திருந்தேன். உங்கப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்த கண்ணையன், எதிர் பிளாக்கில் குடியிருந்தாரே, அவருக்கு இலை போட்டது நீ. அவர் உட்காரவில்லை. "வயிறு சரியில்ல" என்று சொல்லி, தாம்பாளத்தில் இருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வாசலோடு போனார். அவரைப் பார்த்து இன்னும் சில பேர் பழம் எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே கண்ணையன் சாயங்காலம் கேன்டீனில் பரோட்டா தின்றதை நீயே பார்த்துவிட்டு வந்து சொன்னாய். உன் அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார். நான் அவர் மாதிரி இல்லை.

போன மாதக் கடைசியில் அந்தக் கண்ணையனும் ரிட்டயர் ஆனார். அவர் மருமகள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், நம்மை அறியாதவள். பிளாக்கில் யாரோ சொல்லி, விருந்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் ஸ்பகெட்டி வேண்டும் என்று வெண்மதியிடம் ஆர்டர் கொடுத்திருக்கிறாள். யார் வீடு என்று வெண்மதிக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், போகிற வழியில் எனக்குப் பயம் வந்தது. எனக்காக இல்லை. நீ போட்ட இலையை விட்டு வாழைப்பழத்தோடு போன மனிதன், உன் மகள் சமைத்ததையும் அப்படியே விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அவள் அப்புறம் அடுப்பு மூட்டுவாளா? நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாதா?

வாசலில் பாத்திரத்தை இறக்கும்போதே கண்ணையன் பார்த்துவிட்டார். கழுத்தில் மாலை இன்னும் இருந்தது. "நீங்க வெள்ளைச்சாமி வூட்டம்மா இல்ல?" என்றார். "அவரு சம்சாரந்தாங்க. இது அவரு பேத்தி. எல்லாம் இவ சமைச்சது, எங்க வூட்டு அடுப்புல" என்றேன். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுகிற மாதிரி நிறுத்திச் சொன்னேன். ஷிப்ட் ஆட்கள் எல்லாம் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். வெண்மதி ஒன்றும் புரியாமல் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை கூடம் முழுக்க ஏறியது.

கண்ணையன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, முதல் ஆளாக நீட்டினார்.

வெண்மதி வைத்தாள். சீஸை மேலே துருவிவிட்டாள். அவர் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டோடு வந்தார். இந்த முறை கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். "வவுறு இப்ப சரியாயிடுச்சுங்களா?" என்று கேட்டேன். வெண்மதி என் முழங்கையைக் கிள்ளினாள். அவர், "வூட்டுல அவளுக்குக் காலு முடியல, உள்ளாறயே படுத்துக்கினு இருக்குறா. அவளுக்கும் ஒரு கிண்ணம் குடுங்கம்மா" என்றார். கிண்ணம் நிறைய, கறி மேலாக வரும்படி வைத்துக் கொடுத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பாதிதான் விட்டேன். மீதிப் பாதி உன் அப்பாவுடையது, அதை விட எனக்கு உரிமை இல்லை.

அய்யா, நான் பாத்திரம் தேய்த்ததை நீ அவமானமாக நினைக்கிறாய். உன் அப்பா பர்மனென்ட் ஆகும்வரைக்கும் நான் தேய்த்தேன், உண்மைதான். அந்த வீடுகளில் எல்லாம் அவர்கள் தின்ற தட்டைக் கழுவ விட்டார்கள். அடுப்பைத் தொட விட்டதில்லை. நான் கழுவிய பாத்திரத்திலும் ஒரு தண்ணீர் விட்டு அலசித்தான் உள்ளே எடுத்துப் போனார்கள். உன் மகள் செய்வது அந்த வேலை இல்லை. அதே பிளாக்குகளில் இருந்து போன் செய்து, இன்றைக்குக் கிடைக்குமா, நாளைக்காவது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இல்லை, கறி நேற்றே தீர்ந்துவிட்டது என்று அவள் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதைவிட இனிப்பான பேச்சு இந்த வயதில் வேறு இல்லை. நான் ஏற முடியாத படியில் அவள் ஏறி நிற்கிறாள். நீ பாலைவனத்தில் கிடந்தது வீணாகவில்லை.

ஆனால் அவள் முகத்தில் ஒன்று குறைகிறது. தினமும் அடுப்பை அணைத்ததும் அன்றைக்குச் சமைத்ததைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறாள். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு வருகிறதாம். பதில் வருவதில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாத்திரத்தை ஓசைப்படாமல் கழுவுகிறாள். ஓசை கேட்டாலாவது எனக்கு மனம் ஆறும்.

லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் தங்கராசு தம்பியிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டிலும் கொடுத்துவிடுகிறேன். வெண்மதி நேற்று வைத்த சாஸ். கெடாமல் இருக்க நன்றாக வற்றவிட்டு, மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றியிருக்கிறாள். உனக்குத்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் நீ தின்கிற அளவுக்கு மிளகைக் கூடுதலாகப் போட்டாள். ஸ்பகெட்டி அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்குமாம், வாங்கி வேகவை. ஒடிக்காதே.

நீ நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும். ஒட்டிய கன்னம் நிறைய வேண்டும். தின்று பார். உப்பு குறைந்தால், புளித்தால், கறி வேகவில்லை என்றால் என்னிடம் சொல்லாதே, தனத்திடமும் சொல்லாதே. அவளுக்கே போன் போட்டு, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டு. அவள் கேட்டுக்கொள்வாள்.

உன் அம்மா,
மாணிக்கம்மாள்.