மொன்வெரெல் மலையில் இருபத்தேழு மரம்

என் அன்பு மகன் றஜிந்தனுக்கு, மொன்றியலில் இருந்து அப்பா. முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகள் எலோடியும் பேத்தியும் அந்த மலையில் சுகமாய் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவ கீழ்வீட்டுச் சிவநேசம் ரீச்சர், சனிக்கிழமை வகுப்பில் உன்னை அழ அழ வைத்துத் தமிழ் படிப்பித்த அதே ரீச்சர்தான், ஆகவே வாசிக்கத் தெரியாது என்று நீ சாட்டுச் சொல்ல முடியாது. உன் தங்கச்சி மெலனி டொலார்டில் இருந்து ஞாயிறில் மட்டும் வருகிறாள், வந்தாலும் போனைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறாள். இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் முதல் பனி விழுந்துவிட்டது, போன கிழமை வெளிப்படியில் சறுக்கி விழுந்தேன், முறிவு ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது அதுவல்ல. போனில் உன் வீடு நிற்கிற இடத்தின் கதையைத் தொடங்கினாலே, அப்பா கந்தோரிலை வரைபடம் பாத்துத்தான் வீடு கட்ட விட்டவை, சும்மா பயப்பிடாதேங்கோ என்று சிரித்துப் பேத்தியின் முகத்தைக் காட்டிவிடுகிறாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது.

எண்பத்தைந்தில் விசா இல்லாமல் பாரிசில் நின்ற என்னை ஒருவர் நீ இப்போது இருக்கிற அதே மொன்வெரெலுக்குக் கூட்டிப்போய் ஒகுஸ்த் என்ற கமக்காரனிடம் வேலைக்கு விட்டார். கிழங்குத் தோட்டத் தறை எல்லாம் சரிவு, கொத்தக் கொத்த மண் கீழே இறங்கிவிடும், வருசா வருசம் பனி கரைந்த உடனே அடியில் சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொட்டினால்தான் விளைச்சல். முந்நூறு வருசமாய் ஒரே மண்ணைச் சுமந்து வாழ்ந்த சனம். இதையெல்லாம் சின்னனில் உனக்கு ஆயிரம் தரம் சொன்னேன், அதைக் கேட்டுத்தானே நீ இங்கே இருந்த நல்ல வேலையை விட்டு அங்கே ஆடு வளர்க்கப் போனாய். ஆனால் அந்த ஊரின் பதினாறு வீடும் ஏன் பாறைக்கு அடியில் தோள்முட்டி நிற்கின்றன என்று உனக்குச் சொல்லவில்லை. ஒற்றுமையில் அல்ல மகன், மற்ற இடம் பனி வரும் வழி. ஒகுஸ்தின் பாட்டன் சிறுபிள்ளையாய் இருந்த காலம், மூன்று நாள் விடாமல் பனி கொட்டி நாலாம் நாள் சூட்டுக் காற்று அடித்ததாம், மலைப்பனி கழன்று வந்து ஏழு சனத்தையும் நாற்பத்துமூன்று மாட்டையும் கொண்டுபோனது. ஏழு பெயரும் மாதா கோவில் சுவரில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒகுஸ்த் விரல் வைத்துச் சொன்ன ஒழுங்கில் இன்றைக்கும் சொல்லுவேன். அதற்குப் பிறகு ஊர் கூடி முடிவு எடுத்தது, கோவிலுக்கும் ஊரின் மேல்குறிச்சிக்கும் நடுவில் உள்ள புல்வெளியில் ஒரு சுவரும் எழும்பக்கூடாது, அதற்கு மேலே பனியைத் தடுத்து நிற்கிற மெலேஸ் மரக்காட்டில் யாரும் கத்தி வைக்கக்கூடாது. நீ வீடு கட்டியிருப்பது அந்தப் புல்வெளியில்.

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருசம் புரட்டாதியில் ஒகுஸ்தின் மாட்டுக் கொட்டில் கூரை இடிந்து இருந்துவிட்டது. கூரையைத் தாங்க நீளமான வளைமரங்கள் வேண்டும். முகில் இறங்கி மூடுகிற நாளாய்ப் பார்த்து மேல்காட்டுக்குப் போ, கீழே நிற்கிறவர்களுக்கு மலை தெரியாது, ஆரும் கேட்டால் நீ பாசை தெரியாதவன் என்றான் ஒகுஸ்த். எனக்கு அதற்குள் பாசை தெரியும். ஊரின் சட்டமும் தெரியும். மறுத்தால் பொலிசுக்குச் சொல்லுவேன் என்று அவன் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இருபத்தேழு மரம் வெட்டினேன். கொட்டிலுக்கு ஒன்பது, மிச்சம் பள்ளத்தாக்கில் விடுதி கட்டினவனுக்குப் போனது. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் விழுந்தது என்று இப்பவும் சொல்லுவேன். அடிக்கட்டைகளைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினதும் நான்தான். ஊரவர்கள் கேட்க ஒகுஸ்த் புயல் என்றான், நம்பினார்கள், அதற்கடுத்த வருசம் நான் கனடா வந்துவிட்டேன். இந்த இடத்தில் ரீச்சர் பேனையை வைத்துவிட்டு, அண்ணை இவ்வளவு காலத்துக்குப் பேந்து இதைப் பெடியனுக்கு எழுதத்தான் வேணுமோ என்று கேட்டா. எழுதுங்கோ ரீச்சர் என்றேன். உன் அம்மா றோஸ்மேரி கண்மூடும்வரை அவவுக்கும் சொல்லவில்லை.

போன மாதம் நீ போனைத் திருப்பி மலையைக் காட்டினாய், இலை பழுத்து மஞ்சளாய் நிற்கிற காட்டின் நடுவில் மரமில்லாத ஒரு வெட்டை. அது எப்பவோ புயல் அடிச்ச இடமாம் அப்பா, ஆட்டுக்கு நல்ல புல்லு என்றாய். நாற்பது வருசத்தில் அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கன்று எழும்பவில்லை, முளைக்கிறதை ஆடு கடிக்கிறது, இப்போது கடிப்பது உன் ஆடு. கந்தோரில் பனி வரும் வழியை வரைபடம் கீறினவர்களுக்கும் புயல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த வெட்டைக்கு நேர் கீழே உன் வீடு.

நீ விட்டுவிட்டு வரமாட்டாய், என் பிடிவாதம் உனக்கு. ஊரில் மிஞ்சின நாலு கிழடுகளும் உன் பிள்ளையைக் கண்டு இனி ஊர் மூடாது என்று சந்தோசப்படுவதாய் எலோடி சொன்னா, அவர்களை விட்டும் வரமாட்டாய். நான் விமானம் ஏற டொக்டர் விடமாட்டார். இன்றைக்குக் கன்று நட்டாலும் பேத்தி கிழவியாகும்போதுதான் அது பனியைத் தாங்கும். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்குச் சொன்னேன், மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார், நான் மரத்துக்கு ஒன்றாய் இருபத்தேழும் சொன்னேன், மலையில் ஒன்றும் முளைக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டாலும் அப்படித்தான், அதனால் கேட்கவில்லை.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், எலோடிக்கு என் அன்பைச் சொல்லு, இருமலுக்கு மல்லி அவித்துக் குடி. வீட்டை விடச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன். மலை வடிவாய்த் தெரியும் என்று பிள்ளையின் கட்டிலை மலைப்பக்க அறையில் போட்டிருக்கிறீர்கள். மறக்காமல் அதைப் பள்ளத்தாக்குப் பக்க அறைக்கு இழுத்துவிடு, நடுவில் ஒரு சுவராவது கூடுதலாய் நிற்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வின்சன்ட்