தட்டாமல் போன கதவு

அன்புள்ள கண்ணுக்கு,

பக்கத்து வீட்டு அத்தை எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சால்வை போன வாரமே வந்து சேர்ந்தது. அதை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் மழை, வெயில், கால் வலி என்று வேறு எதையெதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதும்போது நடுவில் நீ "சொல்லுங்க அத்தை" என்று கேட்க மாட்டாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பூட்டிக் கிடக்கும் உன் அப்பா வீட்டைக் காட்டச் சாவியைத் தரகரிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாய். கொடுக்கவில்லை. அவர் இரண்டு முறை வந்தார். எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன். சாவி என் இழுப்பறையில்தான் இருக்கிறது.

இங்கே குளிர் இந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து லென்ஸ் முடிவதற்குள் விரல் யாருடையதோ போல ஆகிவிடுகிறது. உன் மாமாவுக்கு ஊரெல்லாம் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோகிறதாம். "உள்ள மாட்டிக்கிட்டவங்க கதகதப்பா இருக்காங்க, வெளிய நின்னு ரிப்பேர் பாக்குற எனக்குத்தான் வெறைக்குது" என்கிறார்.

குளிர்கால வரிசை உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன். குளிர் முற்றும் வாரத்தில், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, நாலாம் மாடி முதல் வீட்டார் கிண்ணமும் கரண்டியுமாகக் கிளம்பி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் கீழே போவார்கள். தட்டப்பட்டவர்கள் அதற்கடுத்த கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். இப்படியே மாடி மாடியாக இறங்கி, கடைசியில் எல்லாரும் தரைத்தளச் சலவை அறையில், கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம். எல்லார் வீட்டுக் காயும் ஒரே அண்டாவில் கொதிக்கும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு விதிதான். யாரையும் தாண்டிப் போகக் கூடாது.

எங்கள் மூன்றாம் மாடியில் மூன்று கதவு. முதலில் எங்களுடையது, அடுத்து உன் அப்பாவுடையது, நடைபாதை வளைந்து முடியும் இடத்தில் கடைசிக் கதவு. அந்தக் கடைசி வீடு பல வருஷம் பூட்டியே கிடந்தது. ஆனாலும் உன் அப்பா தன் முறை வந்ததும் அதையும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்குவார். காலி வீட்டை ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டால், "வரிசைன்னா வரிசைம்மா" என்பார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர் அல்லவா, ஒன்றை விட்டுவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

இந்தக் குளிருக்கு முன்னால் அந்தக் கடைசி வீட்டுக்கு ஒரு தையல்காரப் பெண் குடிவந்தாள். கைக்குழந்தையோடு இருக்கிறாள். கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளோடு நான் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் உன் அப்பா கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தேன்.

இந்த வருஷ வரிசைப் பட்டியலை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நீலப் பேனாவில் எழுதி, கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எங்களுக்கு அடுத்து நேராக இரண்டாம் மாடி வீட்டை எழுதினேன். உன் அப்பா பெயர் இல்லை, அவர் போன பிறகு அது இயல்புதான். புதிதாக வந்தவளையும் விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள். மேல்மாடியார் என் கதவைத் தட்டினார்கள். உன் மாமா அண்டாவைத் தூக்க முன்னாலேயே போயிருந்தார். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதை விளக்கு எரியவில்லை. உன் அப்பா கதவு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்காமல் படியில் இறங்கிவிட்டேன். பாதிப் படியில், மேலே யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. கரண்டிக் காம்பால் தட்டுகிற மாதிரி, இரண்டு இரண்டாக. நான் நிற்கவில்லை. இரண்டாம் மாடியைத் தட்டிவிட்டுக் கீழே போய்விட்டேன்.

எல்லாரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றியிருப்போம். அப்போது தையல்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள். செருப்பில்லை. குழந்தையைப் போர்வையோடு மார்பில் அணைத்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வார்த்தை குழறிக் குழறி வந்தது. "தட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கு எந்திரிக்கவே முடியல. விடாம தட்டுனாரு. தவழ்ந்து வந்து திறந்தா, பெரியவர் வளைவுல திரும்பிப் போறாரு. வாங்கம்மா, வரிசைன்னா வரிசைன்னு சொன்னாரு" என்றாள். பிறகு எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, "அவரு இன்னும் வரலையா" என்று கேட்டாள்.

 அவள் உன் அப்பாவைப் பார்த்ததே இல்லை, கண்ணு. அவரைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை.

அவள் அப்படியே சரிந்தாள். நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டேன். உன் மாமா மேலே ஓடினார். ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடி, இடுக்கில் துணியை அடைத்து, நடு அறையில் கரிக் கணப்பு மூட்டி வைத்திருந்தாளாம். குழந்தைக்குக் குளிருமே என்று. டாக்டர், கரிப்புகையின் விஷம் தெரியாமலே ஆளைத் தூங்கவைத்துவிடும், இன்னும் அரை மணி நேரம் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்றார். இப்போது தாயும் பிள்ளையும் தேறிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். என் பட்டியலில், எங்கள் வீட்டுக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, கூரை போல ஒரு சின்னக் குறி. சிவப்புப் பென்சில். இந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பிழை திருத்துகிறவர்கள் போடுவது. அதைப் பற்றி உன் அப்பா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஏதாவது பிள்ளை கிறுக்கியிருக்கும் என்றார் உன் மாமா. ஆனால் அவரும் அதைக் கையால் தொடவில்லை.

மறுநாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு உன் அப்பா வீட்டைத் திறந்தேன். பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. மேசையில் தூசி, நாற்காலியில் தூசி. ஒரு பொருளும் நகரவில்லை. தரையில் என் கால்தடம் மட்டும்தான். ஆனால் உள்ளே குளிரவில்லை, கண்ணு. நடைபாதையில் மூச்சு வெள்ளையாக வந்தது. வாசற்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. இப்போதுதான் யாரோ எழுந்து போன படுக்கையின் சூடு மாதிரி ஒரு சூடு. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பயந்துதான் நின்றேன். அவர் என்னிடம் எதையோ கேட்பதற்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. இந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன்.

போன வருஷம் அதே வாரம், கடைசி நாள். அதற்கு முந்தின நாள் நான் தண்ணீர்த் தொட்டி பற்றி ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தேன். உன் அப்பா அதில் மூன்று பிழையைச் சிவப்பில் சுழித்துவிட்டார். எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் செய்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. மறுநாள் சாயங்காலம் என் முறை வந்தபோது, இருக்கட்டும், ஒரு நாள் தனியாகச் சாப்பிடட்டும் என்று அவர் கதவைத் தாண்டி இறங்கிவிட்டேன். கீழே கேட்டார்கள். தட்டினேன், அசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்றேன்.

உன்னிடமும் அதையே சொன்னேன். "கொஞ்சம் அசதியா இருக்கு, நீங்க போங்கம்மா" என்றுதான் அப்பா கடைசியாகச் சொன்னார் என்று. ஒவ்வொரு கடிதத்திலும் நீ அதைத் திருப்பி எழுதுகிறாய். அப்பா வலியில் இல்லை, அசதியாகத்தான் இருந்தார், கடைசியாகக் காதில் விழுந்தது உங்கள் குரல் என்று எழுதுகிறாய். நன்றி சொல்கிறாய். சால்வை அனுப்புகிறாய்.

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, கண்ணு. நான் தட்டவே இல்லை. மத்தியானமே விழுந்திருக்கிறார் என்றும், உயிர் பிரிந்தது சாயங்காலம் ஏழுக்கு மேல் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் உன்னிடம் இருக்கிறது. என் வார்த்தையை நம்பி நீ அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நான் அந்தக் கதவைத் தாண்டிப் போனபோது மணி ஆறு ஐந்து. மாற்றுச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. இதற்குமேல் அந்தக் கணக்கை என்னால் எழுத முடியாது. நீயே போட்டுக்கொள்.

உன் மாமாவிடமும் நேற்றுத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு எழுது" என்றார். அவ்வளவுதான்.

தையல்காரப் பெண் உடம்பு தேறியதும் உன் அப்பா கதவுக்கு முன்னால் வந்து குழந்தையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு அதில் பயமே இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

வீட்டை விற்பதோ வாடகைக்கு விடுவதோ உன் விருப்பம். ஆனால் தரகர் மூலம் வேண்டாம். நீயே ஒரு முறை வா. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சாவியை உன் மாமா ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து தருவார். நான் எதிரில் வர மாட்டேன். பார்க்கலாம் என்று தோன்றினால் வந்து, மனதில் உள்ளதையெல்லாம் என் முகத்துக்கு நேரே திட்டு. குறுக்கே பேச மாட்டேன்.

படியெல்லாம் ஈரமாக இருக்கிறது, வழுக்கும். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு, காதை மூடிக்கொண்டு, பகல் வண்டியில் வா. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு வாழ வேண்டும். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் தினமும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை என்று நீ இதுவரை கூப்பிட்டவள்.