திருகுமேல் நின்ற போர் லாரி

மாசி 4, திங்கள்
காலையில் பனி. மிளகாய் பறிப்பு. நடுவில் வறுகடலை கடித்தேன், மேல்வரிசைச் செயற்கைப் பல் ஆடுகிறது. எலும்பில் நட்ட பல், ஆயுசுக்கும் அசையாது என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட அதே பல். சிரித்தால் முதலில் தெரிவதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை தங்கை கலாவின் மகளுக்கு நயினார்கோவிலில் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். எல்லாப் போட்டோவிலும் நான். கலாதான் ஆறு மாதமாகப் பேசுவதில்லை. அவள் வீட்டுக்காரர் வயலில் போட்ட ஆழ்துளைப் போரில் உப்புத்தண்ணி வந்த அன்று, நட்ட திருகுமேல் பல் மூடி மாட்டுமுன் எடுத்த என் பல் படத்தில், திருகுத் துளைமேல் போர் லாரியை ஒட்டி, ‘இங்கன போட்டா நல்ல தண்ணி’ என்று குடும்பக் குரூப்பில் விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அந்த இருவரைத் தவிர.

மாசி 5, செவ்வாய்
ராமநாதபுரம், பல் டாக்டரம்மா. புரிந்தது: மூடி கெட்டி, அடியில் திருகு கழன்றிருக்கிறது. புரியாதது: மீதி எல்லாம்.

“மூடி சிமெண்ட் வச்சு ஒட்டுனது சார், கழட்ட வராது. துளை போட்டு உள்ளாற திருகை முடுக்கணும். இடம் தப்புனா மூடி உடைஞ்சிரும். புதுசு வர பத்து நாளாகும்.”

எக்ஸ்ரேயில் திருகு தெரிகிறது, முன்பக்கமா பின்பக்கமா தெரியவில்லை. ஸ்கேனில் உலோகம் பட்டு ஒரே வெளிச்சம். மூடி மாட்டுமுன் எடுத்த படம் இருந்தால், இன்றைய படத்தோடு கம்ப்யூட்டரில் பொருத்தி இடம் பிடிக்கலாமாம். பல் நட்ட டாக்டர் வெளிநாடு போய்விட்டார். என் செல்லில் இருந்ததைக் காட்டினேன். டாக்டரம்மா பெரிதாக்கிப் பார்த்தார்.

“திருகு இருக்கிற இடத்துல லாரி நிக்குது சார்.”

மாசி 6, புதன்
லாரி ஒட்டாத அசல் என் செல்லில் இல்லை. பல் நட்ட அன்று, பயத்தில் கலாவுக்கு மட்டும் அனுப்பிய படத்தில் லாரி இல்லை. மனைவி சரசுவைக் கேட்கச் சொன்னேன்.

“லாரியக் கொண்டாந்து நிறுத்துனது நீங்க. நீங்களே எடுங்க.”

நாலு தடவை எழுதி அழித்தேன். நாலிலும் ஒரு நக்கல் தானாக வந்து உட்கார்ந்தது. ஐந்தாவது: ‘தப்புதான் கலா. மாப்பிள்ளைகிட்டயும் சொல்றேன். அந்தப் பல் படம் வேணும்.’ நீல டிக் விழுந்தது. படத்துக்காக மன்னிப்பா, மன்னிப்புக்குப் படம் சாக்கா? எனக்கே தெரியவில்லை.

மாசி 7, வியாழன்
காலையில் படம் வந்தது. படம் மட்டும்.

டாக்டரம்மா பக்கத்துப் பற்களைப் பொருத்தி இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரின் ஞாபகம். வாய் திறந்திருந்ததால் சொல்ல முடியவில்லை. நல்லவேளை. துளை நடுவில் இல்லை, சற்று உள்பக்கம். முதல் துளையிலேயே திருகு. முடுக்கி அடைத்தாயிற்று.

கலாவுக்கு: ‘பல்லு நின்னுருச்சு.’

பதில்: ‘நாளைக்கு ஏழு மணிக்குக் கோயில்ல இருண்ணே. அவுக முன்னாடி மட்டும் சிரிச்சிராத.’

மாசி 8, வெள்ளி
எல்லாப் போட்டோவிலும் வாயை மூடியிருக்கிறேன்.